கூட்டத்தில் பேசாதவர்: ஆளுமைக் கோட்பாடுகளும் ஆலோசனை அறையில் அவற்றின் வேலையும்

தமிழில் 'ஆளுமை' என்ற சொல் மூன்று வேலை பார்க்கிறது. இலக்கியத்திலோ அரசியலிலோ பெயர் பெற்றவரை 'பெரும் ஆளுமை' என்கிறோம். நிமிர்ந்து நடந்து தயங்காமல் பேசுகிறவருக்கு 'நல்ல ஆளுமை' இருப்பதாகச் சொல்கிறோம். 'ஆளுமை வளர்ச்சி' வகுப்புகள் கற்றுத்தருவதும் பெரும்பாலும் இதைத்தான். உளவியல் அதே சொல்லை மூன்றாவது பொருளில் எடுத்துக்கொள்கிறது. அந்தப் பொருளில் ஆளுமை இல்லாத மனிதர் கிடையாது. ஒருவருக்கு அது கூடுதல், இன்னொருவருக்குக் குறைவு என்ற பேச்சுக்கும் இடமில்லை. கூச்சப்படுகிறவருக்கும் ஆளுமை உண்டு. அந்தக் கூச்சம் எப்போது வருகிறது, யார் முன்னால் வருகிறது, எதைக் காப்பாற்ற வருகிறது என்பதெல்லாம் அதன் பகுதி.

குழப்பம் சொல்லோடு நின்றால் பரவாயில்லை. பத்து நிமிடத்தில் முடியும் இணையத் தேர்வு 'நீங்கள் இன்ன வகை' என்று ஒரு பெயரைக் கொடுக்கிறது. அதை நம்பி வேலையைத் தேர்ந்தெடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். 'நான் இப்படித்தான்' என்று முயற்சியையே கைவிடுகிறவர்களும் இருக்கிறார்கள். ஆலோசனைக்கு வந்து உட்கார்ந்ததும் 'நான் என்ன டைப் சொல்லுங்க' என்று கேட்கிறவர்களும் உண்டு. ஒருவருடைய சிக்கலில் எந்த இடத்தில் கைவைத்தால் நகரும் என்று தேடுவதற்குத்தான் ஆலோசகர் ஆளுமைக் கோட்பாடுகளை எடுக்கிறார். பெயர் சூட்டுவது அவருக்கு அவ்வளவு உதவாது.

கட்டுரை முழுவதற்கும் ஒரு கற்பனை ஆளை வைத்துக்கொள்வோம். அலுவலகக் கூட்டங்களில் வாய் திறக்காதவர். வேலை தெரிந்தவர். சொல்ல வேண்டியது மனதில் இருக்கிறது. கூட்டம் முடிந்து இருக்கைக்குத் திரும்பியதும் 'சொல்லியிருக்கலாமே' என்று வருந்துகிறார். இரண்டு பதவி உயர்வுகள் கைநழுவிய பிறகு ஆலோசகரைத் தேடி வருகிறார்.

## கையெழுத்தைப் போல

ஒருவருடைய கையெழுத்தை நினைத்துப் பாருங்கள். அவசரத்தில் எழுதினால் கிறுக்கல், விண்ணப்பத்தில் எழுதினால் முத்து முத்தாக, ஓடும் பேருந்தில் எழுதினால் கோணல். ஆனாலும் எந்தத் தாளைப் பார்த்தாலும் 'இது அவர் எழுத்து' என்று தெரிந்தவர்கள் சொல்லிவிடுவார்கள். எழுத்து மாறுகிறது, மாறும் விதத்தில் ஓர் ஒழுங்கு இருக்கிறது. அந்த ஒழுங்குதான் அடையாளம்.

ஆளுமையும் அப்படித்தான். ஒருவர் சிந்திக்கும், உணரும், நடந்துகொள்ளும் விதத்தில் காலம் கடந்தும் பல சூழல்களிலும் தொடர்ந்து தெரியும் அவருக்கே உரிய ஒழுங்கையே உளவியல் ஆளுமை என்கிறது. இதில் இரண்டு செய்திகள் அடங்கியிருக்கின்றன. ஒரு நாள் கோபத்தை வைத்து ஆளுமையைச் சொல்ல முடியாது; அது அந்த நேரத்து மனநிலை. ஒரு சூழலில் மட்டும் பார்த்தும் சொல்ல முடியாது. கூட்டத்தில் ஊமையாக இருக்கிறவர் நண்பர்கள் நடுவில் பேச்சை நிறுத்தாதவராக இருக்கலாம். கூட்டத்தில் மட்டும் அவரைப் பார்க்கும் மேலாளர் 'அமைதியான சுபாவம்' என்று எழுதிவைப்பது, பேருந்தில் எழுதிய தாளை மட்டும் பார்த்துக் கையெழுத்துக்கு மதிப்பெண் போடுவதற்குச் சமம்.

## வகையா, அளவா?

மனிதர்களை வகை பிரிக்கும் ஆசை பழையது. உடலில் ஓடும் நான்கு நீர்மங்களைக் கொண்டு மனிதர்களை நான்கு குணத்தவராகப் பண்டைய கிரேக்க மருத்துவ மரபு பிரித்தது. 1921-இல் ஸ்விட்சர்லாந்தின் கார்ல் யுங், கவனம் உள்நோக்கித் திரும்புகிறவரை அகமுகி என்றும் வெளிநோக்கித் திரும்புகிறவரை புறமுகி என்றும் விவரித்தார். அவருடைய கருத்துகளை அடிப்படையாக வைத்து அமெரிக்காவில் கேதரின் பிரிக்ஸ், இசபெல் மையர்ஸ் என்ற தாயும் மகளும் ஒரு வினாத்தாளை உருவாக்கினார்கள். இன்று நிறுவனங்களில் பரவலாகப் புழங்கும் பதினாறு வகைப் பிரிப்பு அங்கிருந்து வந்தது.

வகைப் பிரிப்பில் உள்ள சிக்கலை உயரத்தை வைத்துப் புரிந்துகொள்ளலாம். ஓர் ஊர் மக்களை 'உயரமானவர்', 'குள்ளமானவர்' என்று இரண்டே பெட்டிகளில் போட வேண்டும் என்றால், சராசரி உயரத்தில் கோடு போட வேண்டியிருக்கும். அந்தக் கோட்டுக்கு அருகில்தான் மிகப் பெரும்பாலானோர் நிற்பார்கள். கோட்டுக்கு அரை அங்குலம் மேலே ஒருவர், அரை அங்குலம் கீழே இன்னொருவர். இருவரும் ஏறக்குறைய ஒரே உயரம், ஆனால் வேறு வேறு பெட்டி. மறுநாள் வேறு செருப்போடு அளந்தால் பெட்டியே மாறிவிடும். வகைத் தேர்வுகளைச் சில வாரங்கள் கழித்துத் திரும்ப எழுதும்போது பலருக்கு வேறு வகை வருவதன் காரணம் இதுதான். மனிதர் மாறவில்லை, கோடு அவருக்கு மிக அருகில் இருந்தது.

அதனால் ஆய்வாளர்கள் பெட்டிகளை விட்டுவிட்டு அளவுகோலுக்கு வந்தார்கள். பண்புக்கூறு என்பது அப்படிப்பட்ட ஓர் அளவுகோல்: எல்லோரிடமும் இருக்கும், அளவு மட்டும் ஆளுக்கு ஆள் மாறும். 1936-இல் கோர்டன் ஆல்போர்ட்டும் ஹென்றி ஆட்பர்ட்டும் ஓர் ஆங்கில அகராதியைப் புரட்டி, மனிதர்களை வேறுபடுத்திச் சொல்லும் சொற்களைத் திரட்டினார்கள். ஏறக்குறைய 18,000 சொற்கள் தேறின. வாழ்க்கையில் முக்கியமான வேறுபாடு எதுவோ அதற்கு மக்கள் ஒரு சொல் வைத்திருப்பார்கள் என்பதே இந்த வழியின் தருக்கம். பின்வந்தவர்கள் அந்தப் பட்டியலைச் சுருக்கினார்கள். ஒரு சொல்லுக்கு அதிக மதிப்பெண் பெறுகிறவர் வேறு எந்தெந்தச் சொற்களுக்கு அதிகம் பெறுகிறார் என்று கணக்கிட்டு, சேர்ந்து நகரும் சொற்களை ஒரே கொத்தாகக் கட்டினார்கள். ரேமண்ட் கேட்டல் பதினாறு கொத்துகளில் நின்றார். 1961-இல் அமெரிக்க விமானப்படைக்காக எர்னெஸ்ட் டியூப்ஸும் ரேமண்ட் கிறிஸ்டலும் செய்த பகுப்பாய்வில் ஐந்து கொத்துகள் திரும்பத் திரும்ப வந்தன. 1980-களுக்குப் பிறகு ஐந்து என்ற எண்ணே பரவலாக ஏற்கப்பட்டது.

அந்த ஐந்தையும் எளிய சொற்களில் சொல்லலாம். புதியதையும் கற்பனையையும் நாடுவது புதுமை நாட்டம். திட்டமிடுவதும் எடுத்த காரியத்தை முடிப்பதும் பொறுப்புணர்வு. கலகலப்பும் மனிதர்களை நாடுவதும் புறமுகத்தன்மை. பிறரை நம்புவதும் விட்டுக்கொடுப்பதும் இணக்கம். கவலை, கோபம், சோர்வு ஆகியவை எளிதில் எழும் தன்மை உணர்ச்சி அலைவு. நம் கூட்டத்து ஆளுக்குப் புறமுகத்தன்மை குறைவாக இருக்கலாம், உணர்ச்சி அலைவு கூடுதலாக இருக்கலாம். இரண்டும் வெளிப்பார்வைக்கு ஒரே மௌனம்தான். உள்ளே நடப்பது வேறு. முதலாமவருக்குப் பேசத் தேவை தோன்றவில்லை. இரண்டாமவர் பேச விரும்புகிறார், பயம் தடுக்கிறது. ஆலோசனை தேவைப்படுவது பெரும்பாலும் இரண்டாமவருக்கே. இணையத்தில் 'அகமுகி' என்ற ஒரே பெயர் இந்த இருவருக்கும் ஒட்டப்படுவதால் உண்டாகும் சேதம் கொஞ்சமல்ல.

## மதிப்பெண்ணை வாசிப்பது

ஆளுமை வினாத்தாள்கள் பலவற்றில் சராசரி 50 என்று வைத்து மதிப்பெண் தருவார்கள். மூன்றில் இரண்டு பங்கினர் 40-க்கும் 60-க்கும் இடையில் இருப்பார்கள். 45 முதல் 55 வரையில் மட்டுமே ஏறக்குறைய 38 சதவீதம் பேர். எந்த வினாத்தாளும் தராசு போலத் துல்லியமானது இல்லை. நம்பகத்தன்மை (அளப்பதில் தற்செயல் பிழை எவ்வளவு குறைவு என்பது; பிழையே இல்லாவிட்டால் 1) 0.85 உள்ள அளவுகோல், அதாவது நல்லதென்று ஏற்கத்தக்க அளவுகோல், ஒருவருக்கு 54 கொடுத்தால், அவருடைய உண்மையான நிலை ஏறக்குறைய 46 முதல் 62 வரை எங்கு வேண்டுமானாலும் இருக்கலாம் என்று படிக்க வேண்டும். 54-ஐப் பார்த்து 'சராசரியைவிடக் கூடுதல்' என்று சொல்வது அவசரம்.

தவறு நுழையும் வாசல்கள் வேறு சிலவும் உண்டு. எதைக் கேட்டாலும் 'ஆம்' பக்கம் சாய்கிறவர்கள் இருக்கிறார்கள். அதற்காகவே நல்ல வினாத்தாளில் பாதியளவு கேள்விகள் தலைகீழாக எழுதப்படும்: 'எளிதில் பதற்றமடைவேன்' என்று ஒன்று, 'பெரும்பாலும் நிதானமாக இருப்பேன்' என்று இன்னொன்று. வேலைத் தேர்வுக்காக எழுதுகிறவர் தன்னை நல்லவராகக் காட்டிக்கொள்வார். வேறு மொழியில், வேறு மக்களிடம் கணக்கிட்ட சராசரியை அப்படியே எடுத்து ஒப்பிட்டாலும் கணக்கு பிசகும். ஆலோசனை அறையில் மிக அதிகம் நடக்கும் பிழை இன்னொன்று: கடும் மனச்சோர்வில் இருக்கும்போது ஒருவரை வினாத்தாள் எழுதவைத்து, வந்த உயர்ந்த உணர்ச்சி அலைவை அவருடைய நிரந்தரப் பண்பாகப் பதிவது. சோர்வு குறைந்த பின் அதே தாளை எழுதச் சொன்னால் அந்த எண் இறங்குவது வழக்கம்.

'அந்தத் தேர்வு என்னை அப்படியே சொல்லிவிட்டது' என்ற வியப்புக்கும் ஒரு விளக்கம் இருக்கிறது. 1948-இல் பெர்ட்ரம் ஃபோரர் என்ற உளவியலாளர் தன் மாணவர்கள் 39 பேருக்கு ஆளுமைத் தேர்வு வைத்தார். பின்னர் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுதியதாகச் சொல்லி ஒரு விவரிப்பைக் கொடுத்தார். எவ்வளவு பொருந்துகிறது என்று 5-க்கு மதிப்பெண் போடச் சொன்னபோது சராசரி 4.26 வந்தது. எல்லோர் கையிலும் இருந்தது ஒரே தாள். வரிகளை அவர் ஒரு சோதிடப் புத்தகத்திலிருந்து எடுத்திருந்தார். 'சில நேரம் கலகலப்பாக இருப்பீர்கள், சில நேரம் ஒதுங்கியிருப்பீர்கள்' என்ற பாணி வாக்கியம் யாருக்குத்தான் பொருந்தாது? ஒரு விவரிப்பு நமக்குப் பொருந்துகிறதா என்பதோடு, அடுத்தவருக்குப் பொருந்தாமல் போகிறதா என்றும் கேட்க வேண்டும்.

இதுவரை பார்த்ததைச் சேர்த்துவைத்துக்கொள்வோம். ஆளுமை என்பது மாறும் நடத்தைக்குள் இருக்கும் ஒழுங்கு. அதைப் பெட்டிகளில் அடைப்பதைவிட அளவுகளாகப் பார்ப்பது உண்மைக்கு நெருக்கம். அளவிலும் பிழை வரம்பு உண்டு.

## சூழலைக் கணக்கில் எடுத்தால்

1968-இல் வால்டர் மிஷல் பண்புக்கூறு ஆய்வாளர்களைச் சங்கடப்படுத்தும் கேள்வி ஒன்றை எழுப்பினார். வினாத்தாள் மதிப்பெண்ணுக்கும் ஒரு குறிப்பிட்ட சூழலில் ஒருவர் உண்மையில் செய்வதற்கும் உள்ள ஒட்டுறவு, 1 என்பது முழுப் பொருத்தம் என்று கொண்டால், 0.30 அளவைத் தாண்டுவது அரிது என்று காட்டினார். அப்படியானால் ஆளுமை என்று ஒன்று இருக்கிறதா என்றே சிலர் கேட்டார்கள். சீமோர் எப்ஸ்டீன் 1979-இல் பதில் தந்தார்: ஒற்றைச் செயலைக் கணிப்பது கடினம், பல நாள் செயல்களின் சராசரியை எடுத்தால் ஒழுங்கு தெளிவாகத் தெரிகிறது. கையெழுத்துக்கும் ஒரு வரி போதாது, பத்துத் தாள் வேண்டும்.

மிஷலும் யுய்ச்சி ஷோடாவும் இன்னும் ஒரு படி போனார்கள். கோடை முகாமில் இருந்த சிறுவர்களைப் பல வாரங்கள் கவனித்தபோது, சண்டை போடும் அளவு சராசரியில் ஒன்றாக இருந்த இரு சிறுவர்கள் முற்றிலும் வேறானவர்களாகத் தெரிந்தார்கள். ஒருவன் கூட்டாளிகள் சீண்டினால் பாய்கிறான், பெரியவர் கண்டித்தால் அடங்குகிறான். மற்றவன் நேர்மாறு. இந்த 'இப்படி நடந்தால் அப்படிச் செய்வார்' என்ற வடிவம் ஒவ்வொருவருக்கும் நிலையாக இருந்தது. ஆலோசகருக்கு இதைவிடப் பயன்படும் கண்டுபிடிப்பு ஆளுமை ஆய்வில் குறைவு. நம் ஆளை எடுத்துக்கொண்டால், ஐந்து பேருக்குக் குறைவான கூட்டத்தில் பேசுகிறார். மேலாளர் இருந்தாலும் கேள்வி நேராகத் தன்னிடம் வந்தால் பேசுகிறார். தானாகக் குறுக்கிட வேண்டியிருந்தால் மட்டும் உறைந்துபோகிறார். 'கூச்ச சுபாவம்' என்ற பெயரை வைத்து எதுவும் செய்ய முடியாது. தானாகக் குறுக்கிடும் அந்த ஒரு கணத்தில் வேலை செய்ய முடியும்.

## ஒரே வீடு, பல வரைபடங்கள்

கோட்பாடுகள் ஏன் இத்தனை என்று புதிதாகப் படிப்பவர்கள் குழம்புவார்கள். ஒரு வீட்டுக்கு அறைகளின் வரைபடம், மின்கம்பி வரைபடம், தண்ணீர்க் குழாய் வரைபடம் என்று தனித்தனியாக உண்டு. விளக்கு எரியாவிட்டால் குழாய் வரைபடத்தை யாரும் பார்ப்பதில்லை. அதற்காகக் குழாய் வரைபடம் பொய்யாகிவிடாது. இந்த ஒப்புமைக்கு ஓர் எல்லை உண்டு: வீட்டு வரைபடங்கள் ஒன்றோடொன்று முரண்படாது, ஆளுமைக் கோட்பாடுகள் சில இடங்களில் உண்மையாகவே முரண்படுகின்றன. ஆனாலும் ஒவ்வொன்றும் ஆலோசகர் கையில் ஒரு தனிக் கேள்வியைக் கொடுக்கிறது.

சிக்மண்ட் பிராய்டின் வழி வந்த உளப்பகுப்பாய்வு, 'இந்த நடத்தை எதிலிருந்து உங்களைக் காப்பாற்றுகிறது?' என்று கேட்கிறது. மனதில் நாம் அறியாமலே நடப்பவற்றை நனவிலி என்று அது அழைக்கிறது. தாங்க முடியாத உணர்வு மேலே வராமல் மனம் அறியாமலே கையாளும் வழிகள் தற்காப்பு உத்திகள். அவற்றை 1936-இல் முறையாகத் தொகுத்து விளக்கியவர் அவர் மகள் அன்னா பிராய்டு. தன் கோபத்தை ஏற்க முடியாதவர் 'மேலாளர்தான் என்மேல் கோபமாக இருக்கிறார்' என்று உணர்வது ஓர் எடுத்துக்காட்டு. பிராய்டின் பல கருத்துகள் ஆய்வில் நிற்கவில்லை. ஆனால் பழைய உறவொன்றில் பழகிய எதிர்பார்ப்பை இன்றைய ஆள்மேல் ஏற்றிப் பார்க்கும் போக்கு, இடமாற்றம் என்று அவர் அழைத்தது, எந்தக் கோட்பாட்டு மரபைச் சேர்ந்த ஆலோசகரும் கவனிக்கும் ஒன்றாகிவிட்டது. ஆலோசகர் ஒரு நொடி கடிகாரத்தைப் பார்த்தாலே 'என் பேச்சு சலிப்பூட்டுகிறது' என்று நம் கூட்டத்து ஆள் பேச்சை நிறுத்திவிட்டால், கூட்டத்தில் நடப்பது அந்த அறைக்குள்ளேயே வந்துவிட்டது என்று பொருள்.

ஆல்பிரட் அட்லர் பிராய்டிடமிருந்து பிரிந்து சென்றவர். 'இந்த நடத்தை எங்கே போக முயல்கிறது?' என்பது அவருடைய கேள்வி. அவர் விட்டுச்சென்ற எளிய கருவி, மிகப் பழைய நினைவைக் கேட்பது. 'சின்ன வயதில் அடிக்கடி இப்படி நடக்கும்' என்பது போதாது. ஒரே ஒரு நாளில் நடந்த ஒரே நிகழ்ச்சியாக இருக்க வேண்டும். அதில் எந்தக் காட்சி பளிச்சென்று தெரிகிறது, அப்போது என்ன உணர்வு என்று கேட்பார்கள். நினைவு உண்மையா என்று சரிபார்ப்பது நோக்கமில்லை. ஆயிரம் நினைவுகளில் இதை ஏன் மனம் இன்றும் வைத்திருக்கிறது என்பதில்தான் செய்தி இருக்கிறது.

கார்ல் ரோஜர்ஸிடம் சற்று நிற்க வேண்டும். இன்றைய ஆலோசனை முறைக்கு அடித்தளம் போட்டவர்களில் அவர் முதன்மையானவர். 'நான் யார்' என்று ஒருவர் தன்னைப்பற்றி வைத்திருக்கும் சித்திரத்தைத் தற்கருத்து என்றார். 'எப்படி இருக்க வேண்டும்' என்ற சித்திரம் இன்னொன்று. இரண்டுக்கும் இடைவெளி பெருகும்போது துன்பம் பெருகுகிறது. இடைவெளி எப்படி வருகிறது? 'நன்றாகப் படித்தால்தான் நல்ல பிள்ளை', 'எதிர்த்துப் பேசாவிட்டால்தான் நல்ல பிள்ளை' என்று அன்போடு நிபந்தனை சேர்ந்து வரும்போது, நிபந்தனைக்குப் பொருந்தாத தன் அனுபவங்களைக் குழந்தை ஒதுக்கக் கற்றுக்கொள்கிறது. நம் ஆளுக்குக் கூட்டத்தில் மாற்றுக் கருத்து எழும்போதெல்லாம் கூடவே 'நான் கெட்டவன்' என்ற நெருடலும் எழலாம்.

ரோஜர்ஸ் இதை அளந்தும் பார்த்தார். 'நான் கடினமாக உழைப்பவர்' போன்ற 100 வாக்கியங்கள் எழுதிய அட்டைகளை, தன்னைப் போன்றது முதல் தன்னைப் போல இல்லாதது வரை குவியல்களாகப் பிரிக்கச் சொல்வார்கள். பிறகு அதே அட்டைகளை 'இருக்க விரும்பும் நான்' என்பதற்குப் பிரிக்கச் சொல்வார்கள். அவருடைய குழுவினர் 1954-இல் வெளியிட்ட ஆய்வில், ஆலோசனைக்கு முன் இரண்டு அடுக்குகளுக்கும் ஒட்டுறவு பூஜ்யத்தை ஒட்டி இருந்தது. ஆலோசனை முடிந்தபோது சராசரி 0.34 ஆகியிருந்தது. 1957-இல் மாற்றத்துக்குத் தேவையான நிபந்தனைகளை அவர் எழுதினார். அவற்றில் ஆலோசகரின் பங்காக இருப்பவை மூன்று. வந்தவரின் உலகத்தை அவர் கண்ணால் பார்ப்பது ஒத்துணர்வு. அவர் எதைச் சொன்னாலும் அவர்மேல் உள்ள மதிப்பைக் குறைக்காதது நிபந்தனையற்ற ஏற்பு. உள்ளே ஒன்று, முகத்தில் ஒன்று என்று நடிக்காதது மெய்ம்மை. ஏற்பு என்றால் செய்கையை எல்லாம் சரி என்று சொல்வது என நினைப்பது பரவலான தவறு. செய்கையை மறுத்துக்கொண்டே ஆளை ஏற்க முடியும்.

ஜார்ஜ் கெல்லி 1955-இல் முன்வைத்த கோட்பாடு அதிகம் பேசப்படாத ஒன்று; பேசப்பட வேண்டியது. ஒவ்வொரு மனிதரும் உலகத்தைப் பற்றி ஊகங்கள் செய்து சோதித்துப் பார்க்கும் விஞ்ஞானிதான் என்றார். ஊகங்களுக்கு நாம் பயன்படுத்தும் இருமுனைச் சொற்களை அவர் கருத்தாக்கங்கள் என்றார். அவற்றைக் கண்டுபிடிக்கும் வழி தாளும் பேனாவும் இருந்தால் போதும் என்ற அளவுக்கு எளிது. அம்மா, அப்பா, பிடித்த ஆசிரியர், பிடிக்காத மேலாளர், நெருங்கிய நண்பர் என்று பத்துப் பன்னிரண்டு பேரைத் தனித்தனி அட்டைகளில் எழுதவேண்டும். மூன்று அட்டைகளை எடுத்து, 'இவர்களில் எந்த இருவர் ஏதோ ஒரு விதத்தில் ஒன்றுபோல, மூன்றாமவர் அதில் வேறு?' என்று கேட்கவேண்டும். 'இவர்கள் இருவரும் அடக்கமானவர்கள், அவர் தற்பெருமைக்காரர்' என்று பதில் வந்தால் அடக்கம் - தற்பெருமை என்பது ஒரு கருத்தாக்கம். பத்துப் பதினைந்து முறை அட்டைகளை மாற்றிக் கேட்டால், ஒருவர் மனிதர்களை எந்தச் சில சொற்களால் அளக்கிறார் என்று தெரிந்துவிடும். பேசுகிறவர்களை எல்லாம் தற்பெருமை முனையில் வைத்திருப்பவருக்கு 'தைரியமாகப் பேசுங்கள்' என்ற அறிவுரை, 'தற்பெருமைக்காரர் ஆகுங்கள்' என்று காதில் விழும். அவர் மறுப்பதில் வியப்பில்லை. பேசுவதற்கும் பெருமையடிப்பதற்கும் நடுவில் மூன்றாவது இடம் ஒன்றை அவர் முதலில் காண வேண்டும்.

ஆரன் பெக்கின் அறிவாற்றல் சிகிச்சை மூன்று அடுக்குகளைப் பார்க்கிறது: அந்தக் கணத்தில் தானாக எழும் எண்ணம், அதன் கீழ் ஒரு விதி, அதற்கும் கீழ் அடிப்படை நம்பிக்கை. 'தவறாகச் சொல்லிவிடுவேன்' என்ற எண்ணத்தைப் பிடித்து, 'சொன்னால் என்ன ஆகும்?' என்று கேட்டுக்கொண்டே போனால், 'எல்லோருக்கும் தெரிந்துவிடும்', 'என்ன தெரிந்துவிடும்?', 'நான் தகுதியில்லாதவன் என்று' என அடித்தட்டுக்கு வந்துசேரலாம்.

ஆல்பர்ட் பண்டூரா 1977-இல் சுயதிறன் நம்பிக்கை என்ற கருத்தை வைத்தார். ஒரு குறிப்பிட்ட செயலைத் தன்னால் செய்ய முடியும் என்ற நம்பிக்கை அது. பொதுவான தன்னம்பிக்கை வேறு. அது நான்கு வழிகளில் வளர்கிறது: தானே செய்து வெல்வது, தன்னைப் போன்றவர் செய்வதைப் பார்ப்பது, பிறர் ஊக்குவிப்பது, உடலின் படபடப்பை வேறுவிதமாகப் புரிந்துகொள்வது. முதலாவதுதான் மிக வலியது, ஊக்கச் சொல் வலுக்குறைந்தது. 'உன்னால் முடியும்' என்று நூறு முறை சொல்வதைவிட ஒரு சிறு கேள்வியை ஒரு கூட்டத்தில் கேட்டுவிட்டு வருவது அதிகம் செய்யும்.

## ஆலோசனை அறையில் இவை எப்படிச் சேர்கின்றன

முதல் ஒன்றிரண்டு சந்திப்புகளில் கோட்பாடு எதுவும் வெளியே வராது. என்ன நடக்கிறது, எப்போதிலிருந்து, எது மாறினால் போதும் என்று கேட்பதிலேயே நேரம் போகும். உறக்கம், பசி, உடல்நலம், மருந்துகள், உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் ஆகியவற்றையும் இதிலேயே விசாரிக்க வேண்டும். பல மாதமாகத் தூக்கமின்றி எதிலும் நாட்டமின்றி இருப்பவரின் மௌனத்தை ஆளுமை என்று எடுத்துக்கொண்டால், சிகிச்சை தேவைப்படும் மனச்சோர்வு கண்ணில் படாமல் போகும்.

அடுத்து ஒரு பதிவுத் தாள். இரண்டு வாரத்துக்கு, சிக்கல் எழும் ஒவ்வொரு முறையும் ஐந்து சிறு குறிப்புகள்: எங்கே, யார் இருந்தார்கள், மனதில் என்ன ஓடியது, உடல் என்ன செய்தது, பிறகு என்ன செய்தார். அன்றன்றே எழுத வேண்டும். வாரக் கடைசியில் நினைவிலிருந்து நிரப்பினால் அந்த நாளின் மனநிலை எல்லா வரிகளிலும் ஒரே சாயத்தைப் பூசிவிடும். சிக்கல் வந்திருக்கக்கூடிய, ஆனால் வராத தருணங்களையும் எழுதச் சொல்வது அவசியம். பலர் இதை விட்டுவிடுகிறார்கள். மிஷல் சொன்ன 'இப்படி நடந்தால் அப்படி' வடிவம் வெளிப்படுவதே இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கும்போதுதான்.

தாளைப் பார்த்து இருவரும் சேர்ந்து ஓர் ஊகத்தை எழுதுவார்கள். இரண்டு மூன்று வாக்கியம் போதும்: 'பிறர் பேச்சில் குறுக்கிட்டால் மரியாதை கெட்டவன் என்று நினைப்பார்கள் என்ற எண்ணம் வருகிறது. அதனால் காத்திருக்கிறார். காத்திருக்கும்போது படபடப்பு ஏறுகிறது. பேச்சு வேறு இடத்துக்குப் போய்விடுகிறது. பேசாமல் விட்டதும் கிடைக்கும் நிம்மதி அடுத்த முறையும் பேசாமலிருக்கப் பழக்குகிறது.' எந்தக் கோட்பாட்டை எடுப்பது என்பது இங்கே முடிவாகும். எண்ணமே முன்னால் நின்றால் பெக்கின் வழி. மனிதர்களை அளக்கும் சொற்களே சிறைபோல இருந்தால் கெல்லியின் அட்டைகள். எண்ணம் தெளிவாக இருந்தும் கால் நகரவில்லை என்றால் பண்டூராவின் படிகள்.

படிகள் என்றால் உண்மையிலேயே சிறிய படிகள். முதலில் கூட்டத்துக்கு முன் எழுதிவைத்த ஒரே கேள்வியை, முதல் பத்து நிமிடத்துக்குள், நால்வர் இருக்கும் கூட்டத்தில் கேட்பது. ஒவ்வொரு படிக்கும் 'இதைச் செய்வேன் என்று 0 முதல் 100 வரை எவ்வளவு நம்பிக்கை?' என்று கேட்கலாம். 70-க்குக் கீழ் வந்தால் படியை உடைத்து இன்னும் சிறிதாக்குவது நல்லது. பெரிய படியில் முதல் தோல்வி வந்தால் நம்பிக்கை தொடங்கிய இடத்தைவிடக் கீழே போய்விடும். பண்புக்கூறு மதிப்பெண் இங்கே திட்டத்தின் வடிவத்துக்கு உதவுகிறது. பொறுப்புணர்வு குறைந்தவருக்கு நீண்ட வீட்டுப்பாடம் கொடுத்தால் தாள் வெறுமையாகத் திரும்பும். நாளுக்கு ஒரு வரியும் கைப்பேசி நினைவூட்டலும் அவருக்குப் பொருந்தும். இணக்கம் மிகுந்தவர் ஆலோசகர் சொல்வதற்கெல்லாம் தலையாட்டக்கூடும். 'இதில் எது உங்களுக்கு ஒத்துவரவில்லை?' என்று அவரிடம் வலிந்து கேட்க வேண்டும்.

எந்த வழியை எடுத்தாலும், ஆலோசகரும் வந்தவரும் நோக்கத்தில் ஒத்துப்போய், செய்யும் வேலையில் ஒத்துப்போய், ஒருவரை ஒருவர் நம்பினால் பலன் கூடுகிறது. இந்தக் கூட்டுறவுக்கும் முடிவில் கிடைக்கும் பலனுக்கும் உள்ள ஒட்டுறவு, பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில் ஏறக்குறைய 0.28. சிறிய எண்ணாகத் தெரியலாம், ஆனால் வெவ்வேறு சிகிச்சை முறைகளில் மாறாமல் தெரியும் எண். கோட்பாட்டின்மேல் பற்றுக்கொண்ட ஆலோசகர் வந்தவரின் மறுப்பைக்கூட 'தற்காப்பு' என்று விளக்கத் தொடங்கினால், முதலில் உடைவது இந்த நம்பிக்கைதான்.

சுருக்கமாக, வரிசை இதுதான்: கேட்பது, பதிவது, ஊகிப்பது, சிறிதாகச் சோதிப்பது. நான்கு ஐந்து சந்திப்புகளில் எதுவும் அசையாவிட்டால் ஊகத்தை மாற்றுவது. கோட்பாடு மூன்றாவது கட்டத்தில்தான் உள்ளே வருகிறது.

## ஆளுமை மாறுமா?

இரட்டையர் ஆய்வுகள் பண்புக்கூறுகளில் மரபின் பங்கை 40 முதல் 50 சதவீதம் என்று மதிப்பிடுகின்றன. இதை 'என் கூச்சத்தில் பாதி பிறவியிலேயே வந்தது' என்று படிப்பது பிழை. அந்த எண் ஒரு மக்கள்தொகையில் ஆளுக்கு ஆள் உள்ள வேறுபாட்டைப் பற்றியது. தனி ஒருவருக்குள் இருக்கும் கலவையைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை. மரபின் பங்கு இருப்பதால் மாற முடியாது என்பதும் சரியில்லை. வயது ஏறும்போது சராசரியாகப் பொறுப்புணர்வும் இணக்கமும் உயர்வதையும் உணர்ச்சி அலைவு தணிவதையும் நீண்டகால ஆய்வுகள் காட்டுகின்றன. 2017-இல் பிரெண்ட் ராபர்ட்ஸும் உடன் ஆய்வாளர்களும் 207 ஆய்வுகளைத் தொகுத்தார்கள். சராசரியாக 24 வாரம் நீடித்த சிகிச்சைகளில் பண்புக்கூறுகள் அளவிடத்தக்க அளவு மாறியிருந்தன. மிக அதிகம் மாறியது உணர்ச்சி அலைவு. அகமுகி ஆறு மாதத்தில் புறமுகி ஆவார் என்று இதற்குப் பொருளில்லை. அளவுகோலில் ஒரு நகர்வு, அவ்வளவே. ஆனால் அந்த நகர்வு ஒருவர் தாமாகக் குறுக்கிட்டு ஒரு வாக்கியம் சொல்வதற்குப் போதுமானதாக இருக்கக்கூடும்.

## அறிக்கை கையில் வந்தால்

ஆளுமைத் தேர்வு எழுதி அறிக்கை வாங்கியிருக்கிறீர்கள் என்றால், கொடுத்தவரிடம் சிலவற்றைக் கேட்கலாம். யாருடைய சராசரியோடு ஒப்பிட்டீர்கள்? மதிப்பெண்ணுக்கு எவ்வளவு பிழை வரம்பு? எழுதிய நாளில் என் மனநிலை எப்படி இருந்தது என்று கணக்கில் எடுத்தீர்களா? இந்த விவரிப்பில் எந்த வரி, மற்றவர்களுக்குப் பொருந்தாமல் எனக்கு மட்டும் பொருந்துவது? பயிற்சி பெற்றவருக்கு இவை சங்கடமான கேள்விகள் இல்லை.

'ஆளுமைக் கோளாறு' என்ற சொல் அறிக்கையில் இருந்தால் அதை இணையத்தில் தேடிப் பயப்படுவதற்கு முன் மனநல மருத்துவரிடமோ மருத்துவ உளவியலாளரிடமோ நேரில் பேச வேண்டும். அது வினாத்தாள் ஒன்றினால் மட்டும் சொல்லக்கூடியது இல்லை. நெடுங்காலமாக, வாழ்க்கையின் பல பகுதிகளில், உறவுகளையும் வேலையையும் குலைக்கும் அளவுக்கு இறுகிப்போன வடிவம் இருக்கிறதா என்று விரிவான நேர்காணலில் பார்த்தபிறகே அந்த முடிவுக்கு வருவார்கள்.

நம் கூட்டத்து ஆளுக்கு அறிக்கையைவிட அந்தப் பதிவுத் தாள்தான் அதிகம் உதவும். இரண்டு மூன்று மாதம் கழித்து அதையே இன்னும் இரண்டு வாரம் எழுதி, பழையதைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சொல்வார்கள். எத்தனை கூட்டங்கள், எத்தனை முறை பேச்சு மனதில் எழுந்தது, அதில் எத்தனை முறை வெளியே வந்தது என்று எண்ணினால் போதும்.